ஐந்தும் ஐந்தும் சமமில்லை: வேலூர்ப் பக்கத்து ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். 2019இல் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த நம் மாவட்டத்தில் அறிவியலும் சமூக அறிவியலும் நடத்துகிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். என் வாயில் அது இன்னும் வட ஆற்காடுதான். நான் ஆசிரியர் இல்லை. 1981இல் ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளம் பராமரிக்கிற தொழிலாளியாகச் சேர்ந்தேன். அப்புறம் லைனை நடந்து பார்த்து வருகிற கீமேன், கடைசியில் அந்தக் குழுவுக்குத் தலைவரான மேட். காட்பாடியைச் சுற்றியே 37 வருஷம் லைனில் நடந்து ஓய்வு பெற்றவன். வெயிலோடு பழகியவன் என்பதைத் தவிர புவி வெப்பமடைவதைப் பற்றிப் பேச எனக்கு வேறு தகுதி கிடையாது. படித்ததெல்லாம் ஓய்வுக்குப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்ததுதான்.

போன மாதம் ஒரு ராத்திரி கரண்ட் போய்விட்டது. மொட்டை மாடியில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தோம். என் பேத்தி ஒன்பதாவது படிக்கிறாள். மறுநாள் பரீட்சை. செல்போன் வெளிச்சத்தில் நோட்டை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "புவி வெப்பமடைதலின் காரணங்கள். இயற்கைக் காரணங்கள். ஒன்று, சூரிய ஆற்றல் மாறுபாடு. இரண்டு, எரிமலை வெடிப்பு. மூன்று, புவியின் சுற்றுப்பாதை மாற்றம். நான்கு, கடல் நீரோட்டம். ஐந்து, காட்டுத் தீ." அப்புறம் மனிதக் காரணங்கள். அதிலும் ஐந்து. நோட்டின் நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தாள்.

"ரெண்டு பக்கத்துல எது பெருசும்மா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் கேக்கமாட்டாங்கோ தாத்தா. பக்கத்துக்கு அஞ்சு எழுதினா போதும்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வெக்கையும் ஒரு காரணம். ஆனால் அவள் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. எந்தப் பள்ளி என்று நான் எழுதப்போவதில்லை. அந்த டீச்சர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கைடில் அப்படித்தான் போட்டிருக்கிறது. அறுபது பிள்ளைகளுக்கு நடத்தி, அறுபது பேப்பர் திருத்துகிறவருக்கு ஐந்தும் ஐந்தும் என்று இருந்தால் மார்க் போட வசதி. எல்லாம் புரிகிறது. ஆனால் ஐந்துக்கு ஐந்து என்று எழுதிப் பழகிய பிள்ளை, பூமி சூடானதில் பாதி இயற்கை, பாதி மனுஷன் என்றுதான் மனதில் வைத்துக்கொள்ளும். அது தவறு. சின்னத் தவறும் இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அப்போது பல இடங்களில் தண்டவாளம் 13 மீட்டர் நீளத் துண்டுகள்தான், இடையில் ஃபிஷ் பிளேட் என்ற இணைப்பு இரும்புப் பட்டை போட்டு போல்ட் முறுக்கியிருக்கும். விடியற்காலையில் போனால் இரண்டு துண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் சுண்டு விரல் நகத்தை நுழைக்கலாம். சித்திரை மாத மத்தியானத்தில் அதே இடைவெளி ஒட்டிப்போய்க் கிடக்கும். இரும்பு சூட்டில் நீளும். காற்றில் 40 டிகிரி என்றால் தண்டவாளத்தில் 60 டிகிரி. காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவில் ஒவ்வொரு துண்டும் ஐந்து மில்லிமீட்டர் போல நீண்டு, ராத்திரி மறுபடி சுருங்கும். அதைக் கணக்குப் பண்ணித்தான் இடைவெளி விட்டிருப்பார்கள். பக்கவாட்டில் நகராமல் ஜல்லி பிடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் ஓரிடத்தில் லைன் நெளிந்து நின்றது. பாம்பு நெளிகிற மாதிரி, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு. சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்தி, சரிசெய்து அனுப்பினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் உடனே சொன்னேன், வெயில் ஜாஸ்தி அதனால்தான் என்று. எங்கள் மேட் என்னைத் திட்டவில்லை. நிதானமாகக் கேட்டார்: "வெயில் நேத்தும்தான் அடிச்சுது. நேத்துக்கும் இன்னிக்கும் நடுவுல இன்னா மாறிச்சுன்னு பாரு."

மாறியது என்னவென்றால், முந்தின நாள் நானும் இன்னொரு ஆளும் அந்த இடத்தில் ஜல்லியை ஒதுக்கி வேலை பார்த்துவிட்டு, முழுசாக மூடாமல் வந்துவிட்டோம். வெயில் இல்லாமல் லைன் நெளிந்திருக்காது, அது உண்மை. ஆனால் வெயில் காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை எல்லா இடத்திலும் அடித்தது. அங்கே மட்டும் நெளிந்ததற்குக் காரணம் எங்கள் கை. அன்றைக்கு ரிப்போர்ட்டில் "காரணங்கள்: ஒன்று வெயில், இரண்டு ஜல்லி" என்று சமமாக எழுதியிருந்தால், மறுநாள் என்ன சரிசெய்வது என்றே யாருக்கும் தெரிந்திருக்காது.

என் பேத்தியின் நோட்டில் இருக்கும் இடது பக்கத்தை அந்த மேட் கேட்ட கேள்வியை வைத்துத்தான் பார்த்தேன்.

முதலில் சூரியன். பூமியில் இருக்கிற சூடு கிட்டத்தட்ட எல்லாமே அதனுடையதுதான். ஆனால் கேள்வி, சூரியன் மாறிச்சா என்பது. 1978 கடைசியிலிருந்து செயற்கைக்கோள்கள் மேலிருந்து சூரியனின் சக்தியை நேராக அளந்துகொண்டிருக்கின்றன. 11 வருஷத்துக்கு ஒரு சுற்றாக அது ஏறி இறங்குகிறது, ஏற்ற இறக்கம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு. கடந்த நாற்பது வருஷத்தில் ஏறுமுகமே இல்லை. பூமியோ அதே நாற்பது வருஷத்தில்தான் வேகமாகச் சூடாகியிருக்கிறது. இன்னொரு தடயமும் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. சூரியன்தான் காரணம் என்றால் காற்று மண்டலம் மேலிருந்து கீழ் வரை முழுக்கச் சூடாகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. நாம் இருக்கும் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் அடுக்கு குளிர்ந்துகொண்டிருக்கிறது. கீழே இருப்பவன் போர்வை போர்த்திக்கொண்டால்தான் இப்படி நடக்கும்.

ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் நம் பிள்ளைகளுக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. அதை நடத்துகிற இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழேயே இருக்கிற கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வைத்திருக்கிறார்கள். சூரியனைப் பற்றி ஊகம் பேச வேண்டிய ஊர்க்காரர்கள் இல்லை நாம். காவலூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்கள் இந்தக் கேள்வியையும் எடுத்துக்கொண்டு போகலாம்.

அடுத்து எரிமலை. நெருப்பும் புகையுமாக இருப்பதால் பிள்ளைகள் அதை உடனே எழுதிவிடுகிறார்கள். பெரிய எரிமலை வெடித்தால் பூமி குளிரும் என்பதுதான் நடந்த கதை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸில் பினட்டூபோ வெடித்தது. அது மேலே தள்ளிய கந்தகத் துகள் வெயிலைத் தடுத்ததால் அடுத்த ஒன்றிரண்டு வருஷம் பூமியின் சராசரி அரை டிகிரி அளவுக்கு இறங்கியது. எரிமலைகள் கரியமில வாயுவும் விடுகின்றன, இல்லை என்று சொல்லவில்லை. உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் விடுவது, நாம் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது.

பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மாறுவது பெரிய விஷயம்தான். பனி யுகங்கள் வந்ததும் போனதும் அதனால்தான். ஆனால் அதன் நடை வேறு. ஒரு சுற்றுக்கு இருபதாயிரம், நாற்பதாயிரம், ஒரு லட்சம் வருஷம் பிடிக்கும். கடைசிப் பனி யுகத்தின் உச்சத்திலிருந்து பூமி ஐந்தாறு டிகிரி ஏறி வர சுமார் பத்தாயிரம் வருஷம் ஆனது. நாம் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றிவிட்டது நூற்றைம்பது வருஷத்தில். அதுவும் இந்தச் சுற்றுக் கணக்கின்படி இப்போது பூமி மெல்ல மெல்லக் குளிர்கிற பக்கம் போயிருக்க வேண்டும்.

கடல் நீரோட்டம், சில வருஷத்துக்கு ஒரு முறை பசிபிக் கடல் சூடாகிற எல் நினோ இதெல்லாம் சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றுகிற வேலை. ஒரு வருஷம் தூக்கும், ஒரு வருஷம் இறக்கும். 2023, 2024இல் தூக்கியது. நூறு வருஷக் கணக்கில் அது ஒன்றுக்கொன்று கழிந்துபோகும்.

சரி, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் என்ன வரும்? ஐ.நா.வின் ஐ.பி.சி.சி. அறிவியலாளர் குழு 2021இல் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால் 2010களில் பூமி சுமார் 1.1 டிகிரி சூடாகியிருந்தது. அதில் மனிதரால் வந்தது சுமார் 1.07 டிகிரி. சூரியனும் எரிமலையும் சேர்ந்து செய்தது 0.1 கூட்டல் அல்லது 0.1 கழித்தல், அதாவது பூஜ்யத்துக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம். 2024ஆம் வருஷம் மட்டும் ஒன்றரை டிகிரியைத் தாண்டிவிட்டது.

பேத்தியின் நோட்டில் இடது பக்கம் ஐந்து வரியில் நிற்கிற அத்தனைக்கும் சேர்த்து இதுதான் எடை. அந்தப் பக்கத்தை அழிக்கச் சொல்லவில்லை. இயற்கைக் காரணங்களைப் படிக்காத பிள்ளைக்கு, அவை இப்போது காரணம் இல்லை என்பதும் புரியாது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு என்று எழுத வேண்டும்.

இங்கே கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்கும். கடலும் காடும் நம்மைவிடப் பல மடங்கு கரியமில வாயு விடுகிறதே, அப்புறம் நம்மை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று. நல்ல கேள்வி. இதற்கு நம் பக்கத்து ஏரியைக் காட்டினால் போதும் என்று நினைக்கிறேன். காவேரிப்பாக்கம் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். வரத்துக் கால்வாயில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது, மதகிலும் கலங்கலிலும் அதே அளவு போய்க்கொண்டே இருக்கிறது. நீர்மட்டம் அப்படியே நிற்கும். வருவது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி. இப்போது ஒருவன் புதிதாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வேறு எங்கிருந்தோ தண்ணீரைக் கொண்டுவந்து விடுகிறான். பழைய வரத்தோடு பார்த்தால் அது அற்பம். ஆனால் போகிற வழி அதற்குத் தக்கபடி பெருகவில்லை. மட்டம் வருஷா வருஷம் ஏறும். கரை எந்த ஊர்ப் பக்கம் உடையும் என்பதுதான் மிச்சம்.

கடலும் செடி கொடியும் விடுவதையெல்லாம் அவையே திரும்ப எடுத்துக்கொள்கின்றன. நாம் விடுவதிலும் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கின்றன, பெரிய தயவு. எடுத்துக்கொள்ள முடியாத மிச்சம்தான் காற்றில் தங்குகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அன்டார்க்டிகாவின் பழைய பனிக்குள் சிக்கியிருக்கிற காற்றுக் குமிழிகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எட்டு லட்சம் வருஷத்தில் அது 300ஐத் தாண்டியதில்லை. கூடியது நம்முடையதுதான் என்பதற்கு கார்பனிலேயே அடையாளம் இருக்கிறது. உயிரோடு இருக்கிற மரத்தில் கார்பன்-14 என்ற வகை கொஞ்சம் இருக்கும். கோடிக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் பெட்ரோலிலும் அது துளிகூட மிஞ்சியிருக்காது. காற்றில் கூடிக்கொண்டே போவது அந்தப் பழைய கரிதான்.

கரி என்றதும் எனக்கு என் பிழைப்பு ஞாபகத்துக்கு வருகிறது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. வாலாஜா ரோடு நம் மண். அதே வருஷம் ஆகஸ்டில் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி எழுதிய ஒரு கட்டுரை அறிவியல் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. கண்ணாடி உருளைகளில் வெவ்வேறு காற்றை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்திருந்தார். கரியமில வாயு இருந்த உருளைதான் ஆக அதிகம் சூடாகி, ஆறவும் ரொம்ப நேரம் பிடித்தது. இந்த வாயு பூமியின் காற்றில் கூடினால் பூமியும் சூடாகும் என்று அப்போதே எழுதியிருக்கிறார். நம் ஊருக்குப் புகைவண்டி வந்த வருஷமும், புகைக்குள் இருப்பது என்ன செய்யும் என்று முதலில் எழுதப்பட்ட வருஷமும் ஒன்று. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்காது என்று நினைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் மீட்டர் கேஜ் லைனில் கரி இன்ஜின்தான். வண்டி தாண்டிப் போனதும் சட்டை மேல் சூட்டோடு கரித்தூள் விழும். இப்போது மின்சார இன்ஜின் போகிறது, கரித்தூள் விழுவதில்லை. ஆனால் அந்த மின்சாரத்தில் பெரும்பங்கு எங்கேயோ ஓர் அனல் மின் நிலையத்தில் கரி எரித்துத்தான் வருகிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் கரி போய்விட்டதால் பிள்ளைகளுக்கு அது எழுத்தாக மட்டும் இருக்கிறது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடைதான். எரிந்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும், காற்றிலிருந்து ஆக்ஸிஜன் சேர்ந்துகொள்வதால். சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 40 கிலோவுக்கு மேல். கரண்ட் பில்லில் ஒரு யூனிட்டுக்கு, நாட்டுச் சராசரியில், முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைய. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பெருக்கல் கணக்கு. செய்து பார்க்கட்டும்.

வலது பக்கப் பட்டியலிலும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஓசோன் ஓட்டையை எழுதுகிறார்கள். அது வேறு நோய். பிளாஸ்டிக்கை எழுதுகிறார்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவை எழுதுகிறார்கள். பாலாறு கெட்டதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அதை எழுதாமல் எப்படி இருக்கும்? ஆனால் பாலாற்றுக்கு வந்த கேடும் பூமிக்கு வந்த காய்ச்சலும் ஒன்றில்லை என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியது உங்கள் பொறுப்பு. மரம் வெட்டுவது உண்மையான காரணம், மனிதர் விடும் கரியமில வாயுவில் சுமார் பத்தில் ஒரு பங்கு. மிச்சம் ஒன்பது பங்கு கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட். பட்டியலில் மரம் முதலில் நிற்கிறது, கரி நான்காவதாக "தொழிற்சாலைப் புகை" என்ற பெயரில் மறைந்து நிற்கிறது. வயலையும் மாட்டையும் குப்பைமேட்டையும் யாரும் எழுதுவதே இல்லை. தண்ணீர் கட்டியே வைத்திருக்கும் நெல் வயலிலிருந்து மீத்தேன் வருகிறது. நூறு வருஷக் கணக்கில் எடைக்கு எடை கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடு பிடிக்கும் வாயு அது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விட்டால் அது குறையும், தண்ணீரும் மிச்சம். இந்த வார்த்தையைச் சொன்னால் விவசாய வீட்டுப் பிள்ளை உடனே நிமிர்ந்து உட்காரும்.

நம் ஊரில் இன்னொரு பேச்சு உண்டு. "வேலூர் வெயில் இன்னிக்கு நேத்தா? அது எப்பவும் அப்படித்தான்." இதில் பாதி சரி. கடல் நூற்று இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, கடற்காற்று இங்கே வந்து சேர்வதற்குள் மத்தியானம் முடிந்துவிடும். சுற்றிலும் பாறை மலை. ஆற்றில் வெறும் மணல். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, ஒரு நாள் மத்தியானம் நட்ட கம்புக்கு நிழலே விழாது. இதெல்லாம் இயற்கை. வேலூர் சூடாக இருப்பதற்குக் காரணம் இயற்கை என்று பிள்ளை எழுதினால் முழு மார்க் போடலாம். வேலூர் முன்னைவிடச் சூடாகிக்கொண்டு வருவதற்குக் காரணம் இயற்கை என்று எழுதினால்தான் தவறு. அதிலும் கான்கிரீட்டும் தார் ரோடும் சேர்க்கிற ஊர்ச் சூடு ஒன்று, உலகமே சூடாவது இன்னொன்று. இரண்டும் மனிதர் வேலை, ஆனால் மருந்து வேறு வேறு. ஊர்ச் சூட்டுக்கு நிழல் மரமும் ஏரியும் மருந்து. உலகச் சூட்டுக்குக் கரியை நிறுத்துவதுதான் மருந்து.

வெள்ளத்தையும் இப்படித்தான் நிதானமாகச் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதைப் பார்க்க நாங்கள் எல்லோரும் பாலத்தில் போய் நின்றோம். புவி வெப்பமடைந்ததால் வெள்ளம் என்று பிள்ளைகள் ஒரே வரியில் எழுதிவிடும். 1903 நவம்பரில் வாணியம்பாடியைப் பாலாறு அடித்துக்கொண்டு போனபோது காற்றில் இவ்வளவு கரி கிடையாது. வெள்ளம் எப்போதும் உண்டு. காற்று ஒரு டிகிரி சூடானால் அது ஏழு சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும், அதனால் கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும். அவ்வளவுதான் சொல்லலாம். அதைச் சொல்லிக்கொடுத்தாலே போதும்.

எது எவ்வளவு காரணம் என்று கறாராகப் பிரிப்பது ஏன் முக்கியம் என்று உங்களில் யாராவது கேட்கலாம். பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்ததற்காக வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28இல் வந்த தீர்ப்பு இரண்டு விஷயத்தை நாட்டின் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. முழு ஆதாரம் வரட்டும் என்று காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பது ஒன்று. கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது இன்னொன்று. சட்டம் படிக்கிறவர்கள் இந்தியா முழுக்க வேலூர் பெயரைச் சொல்லி அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

அந்த இரண்டாவது விதியைப் பூமிக்குப் போட்டுப் பாருங்கள். பாதி இயற்கை, பாதி மனுஷன் என்றால் பாதிப் பழி யாருக்கும் இல்லாமல் போய்விடும். மனுஷன் என்று பொதுவாகச் சொன்னாலும் போதாது. ஓர் இந்தியரின் பங்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, ஓர் அமெரிக்கரின் பங்கு அதைப்போல ஏழு மடங்கு. இந்தியருக்குள்ளேயே குடியாத்தத்தில் பீடி சுற்றுகிற அம்மாவின் பங்கும் ஏசி காரில் போகிறவரின் பங்கும் ஒன்றா? "நாம் எல்லோரும் பூமியைக் கெடுத்துவிட்டோம்" என்று ஓட்டு வீட்டுப் பிள்ளையை எழுதவைப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. வெயிலில் அதிகம் வேகப்போவது அந்தப் பிள்ளைதான்.

கேட்டுக்கொள்வது இதுதான். கேள்வித்தாளில் "காரணங்களைப் பட்டியலிடுக" என்பதோடு "இவற்றில் இன்றைய வெப்ப உயர்வுக்கு எது முதன்மைக் காரணம், எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி சேருங்கள். பொதுத் தேர்வு உங்கள் கையில் இல்லை, தெரியும். வகுப்புத் தேர்வு உங்கள் கையில்தானே?

அப்புறம் பள்ளியில் அதிகச் சூடும் குறைந்த சூடும் காட்டுகிற ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். நான் இருந்த இடத்தில் தண்டவாளச் சூடு பார்க்க ஒரு கருவி இருந்தது. ஒரு சாண் தண்டவாளத் துண்டில் குழி போட்டு, பாதரசம் ஊற்றி, அதற்குள் தெர்மாமீட்டர் இறக்கியிருக்கும். அதை லைனுக்குப் பக்கத்தில் வெயிலில் வைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த அரை மணியில் எத்தனை பேர் "அட, அறுபது இருக்கும், எழுதிக்கோ" என்று சொல்லியிருப்பார்கள்! மேட் விடமாட்டார். பார்த்துத்தான் எழுத வேண்டும். காற்றின் சூட்டைப் பார்ப்பதற்கு எதிர்மாறான ஏற்பாடு: நிழலில், காற்றோட்டமாக, தரையிலிருந்து ஆளின் நெஞ்சு உயரத்தில், சுவரை ஒட்டாமல் இருக்க வேண்டும். வெள்ளை அடித்த, பக்கமெல்லாம் சாய்வுப் பலகை வைத்த மரப்பெட்டி ஒன்றைத் தச்சரிடம் சொன்னால் செய்துகொடுப்பார். தினமும் காலை எட்டரைக்கு முந்தின 24 மணி நேரத்தின் அதிகச் சூடு, குறைந்த சூடு இரண்டையும் ஒரு பிள்ளை பார்த்து நோட்டில் எழுதட்டும். குறைந்த சூட்டை முக்கியமாக எழுதட்டும், ஏனென்றால் உலகத்தில் பெரும்பாலான இடங்களில் பகலைவிட ராத்திரிகள்தான் வேகமாகச் சூடாகின்றன. ஒரு வருஷக் கணக்கை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, முப்பது வருஷம் வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அடுத்த ஒன்பதாம் வகுப்புக்கு அந்த நோட்டு கைமாறிக்கொண்டே போகட்டும்.

நம் ஊரைப் பற்றிப் பழைய சொலவடை ஒன்று உண்டு. சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. கோட்டைக்குள் கோயில் காலியாகத்தான் கிடந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1981இல் சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேஸ்வரரைக் கொண்டுவந்து வைத்தார்கள். எத்தனையோ தலைமுறையாக இது இப்படித்தான் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை ஊர்க்காரர்கள் ஒரு விடியலில் மாற்றிவிட்டார்கள். மலைக்கு மரம் அப்படி ஒரே நாளில் வராது. ஆனால் "எப்பவும் அப்படித்தான்" என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தக் கோயில்தான் நினைவுக்கு வருகிறது.

உங்களில் யாராவது கூப்பிட்டால் பள்ளிக்கு வருகிறேன். பெட்டியை எங்கே நிறுத்துவது, அளவை எப்படிப் பார்ப்பது என்று காட்டுகிறேன். தண்டவாளக் கதையையும் சொல்கிறேன், முந்தின நாள் ஜல்லியை மூடாமல் வந்தவன் நான்தான் என்பதையும் சேர்த்து.

கடைசியாக ஒரு வேண்டுகோள். என் பேத்தி தன் நோட்டில் அந்த இரண்டு பட்டியலுக்கும் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறாள். "இடது பக்கம் உள்ளவை எல்லாம் சேர்ந்து இன்றைய வெப்ப உயர்வில் கிட்டத்தட்டப் பூஜ்யம். வலது பக்கம்தான் முழுவதும்." அவளே எழுதியது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அரையாண்டுத் தேர்விலும் இதை எழுதுவேன் என்கிறாள். கைடில் இல்லாத வரி. அந்தப் பேப்பர் உங்களில் யார் கைக்கு வந்தாலும், சிவப்பு மையால் அடித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்பாதைத் தொழிலாளி ஒருவன்,
காட்பாடி